மாடியில் 'புஸ்ஸ்' சத்தம்: புதுப்பிப்பு

மொட்டை மாடிப் படிக்கட்டு அறையின் பரணில் ராத்திரியானால் 'புஸ்ஸ்' என்று சீறல் கேட்கிறது, பாம்பாக இருக்குமோ என்று மூன்று வாரத்துக்கு முன் கேட்டிருந்தேன். பாம்பு இல்லை. கூகை என்கிற ஆந்தையின் குஞ்சுகள், மூன்று.

நேற்று இருட்டியபின் டேங்க் வால்வை மூடப் போனேன். பெரியது ஒன்று தலையை உரசாத குறையாகப் பறந்து போனது. இறக்கைச் சத்தமே இல்லை. காற்று மட்டும் காதில் பட்டது. குஞ்சுகள் மூன்றும் மூன்று அளவு. முட்டைகள் சில நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாகப் பொரிவதால் அப்படி. கீழே கிடந்த கறுப்பு உருண்டையைக் குச்சியால் பிரித்தேன்: எலி மயிர், மண்டையோடு, ஆரஞ்சு நிற முன்பற்கள். எச்சம் என்று நினைத்திருந்தேன். செரிக்காததைக் கக்கிப் போட்டதாம்.

பக்கத்து வீட்டு அக்கா, "சாக்குருவிப்பா, விரட்டிடு" என்றார். கூட்டைக் கலைத்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்றேன். "சரி, அப்போ எங்க வீட்டு எலியையும் பிடிக்கச் சொல்லு."

எலி மருந்து வைப்பதை நிறுத்திவிட்டோம். விஷம் தின்ற எலியைத் தின்றால் இதுகளும் போய்விடும். நாற்றம்தான் தாங்கவில்லை. இப்போதைக்குத் துணி காயப்போடுவது வாசலில்.