குளிரில் மட்டும் எழாத மானிட்டர்: நீலகிரியில் பழுதுபார்த்த அனுபவங்கள்

கோத்தகிரி உறுப்பினர்:

கோத்தகிரியில் தட்டச்சு, ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். கடையில் இருப்பது, பின்னொளிக்கு மெல்லிய குழல் விளக்குகளைக் கொண்ட பழைய 17 அங்குல எல்சிடி மானிட்டர். இரண்டு ஆண்டுகளுக்கு முன், உறைபனி விழும் ஜனவரிக் காலைகளில் பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு எரிந்து அணைந்து, மீண்டும் எரிந்து அணைந்து, இருபது நிமிடம் மினுக்கிய பிறகே படம் வரத் தொடங்கியது. ஒருமுறை வந்துவிட்டால் இரவு கடை சாத்தும்வரை எந்தக் குறையும் இராது. உச்சி வெயிலில் அணைத்துப் போட்டாலும் உடனே எழும். பட்டா மாறுதலுக்கு மனு எழுதிக்கொள்ள முதல் பேருந்தில் வந்தவர்களைப் பெஞ்சில் காக்கவைத்துவிட்டு, அந்தப் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

கணினியோடு இணைக்கும் கேபிளைக் கழற்றிவிட்டு மானிட்டரை மட்டும் போட்டுப் பார்த்தேன். நல்ல மானிட்டராக இருந்தால் சிக்னல் இல்லை என்ற அறிவிப்பாவது திரையில் வரும். அதுவும் வராமல் விளக்கு மினுக்கியதால், பழுது கணினியில் இல்லை என்பது உறுதியாயிற்று.

அதைத் துணியில் சுற்றிக் கோவைக்கு எடுத்துச் சென்றேன். பழுதுபார்க்கும் கடையின் மேசையில் வைத்து அழுத்திய முதல் அழுத்தத்திலேயே அது எழுந்துவிட்டது. இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்று சொல்லித் திருப்பித் தந்தார்கள். மறுநாள் காலை என் கடையில் மீண்டும் அதே மினுக்கல். அவர்கள் கவனக்குறைவாக இருந்ததாக நான் நினைக்கவில்லை. சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் விடியற்காலைக் குளிரில் மட்டும் தலைகாட்டும் பழுது, சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோவையின் வெப்பத்தில் வெளிப்பட வழியே இல்லை. பழுது எங்கே தோன்றுகிறதோ அங்கேயே வைத்துத்தான் அதைச் சோதிக்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

வீட்டிலிருந்த ஹேர் டிரையரைக் கொண்டுவந்து, மிதமான சூட்டில், மானிட்டரின் பின்புறக் காற்றுத் துளைகள் வழியே, உள்ளே மின்சாரம் வழங்கும் பவர் போர்டு இருக்கும் பக்கமாக ஐந்து நிமிடம் காற்றைச் செலுத்தினேன். முதல் அழுத்தத்திலேயே படம் வந்தது. மறுநாள் சூடேற்றாமல் போட்டேன், மினுக்கியது. அதற்கடுத்த நாள் சூடேற்றினேன், எழுந்தது. இதன் காரணம், அந்தப் போர்டில் மின்னைத் தேக்கிவைக்கும் சிறு உருளைகளான எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களில் இருக்கிறது. அவற்றினுள் இருக்கும் திரவம் ஆண்டுக்கணக்கில் சூட்டில் உலர உலர, உள்மின்தடை ஏறிக்கொண்டே போகிறது. குளிரில் அந்தத் தடை இன்னும் பல மடங்கு உயர்வதால், பவர் போர்டு தரும் மின்னழுத்தம் நிலைகொள்ளாமல் சரிந்து, பாதுகாப்புச் சுற்று அதை அணைத்து மீண்டும் தொடங்க முயல்கிறது. அந்த முயற்சிகளே கெப்பாசிட்டரைச் சிறிது சிறிதாகச் சூடாக்கி, இருபதாவது நிமிடத்தில் மானிட்டரை எழுப்பின.

மின்கம்பியைப் பிடுங்கி வெகுநேரம் விட்ட பிறகே மூடியைக் கழற்றினேன். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: 230 வோல்ட் மின்சாரம் நேர்மின்னோட்டமாக மாறும் இடத்திலுள்ள பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நிற்கும், மீட்டரால் அளந்து, அது இறங்கிவிட்டதை உறுதிசெய்யாமல் போர்டில் கை வைக்கக் கூடாது. வெளியீட்டுப் பக்கத்தில் 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர்கள் இரண்டின் தலை உப்பியிருந்தது. பக்கத்தில் இருந்த மூன்றாவது பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது; ஆனாலும் மூன்றையும் மாற்றினேன். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது சற்றுக் கூடுதலான வோல்ட், 105 டிகிரி தாங்கும், உள்மின்தடை குறைந்த வகை என்று கேட்டு வாங்க வேண்டும். எதிர்முனையைக் காட்டும் பட்டையின் திசை மாறாமல் பார்த்துப் பற்றவைத்தேன். அதன் பிறகு இரண்டு பனிக்காலங்கள் கழிந்துவிட்டன, மினுக்கல் வரவில்லை.

உதகை உறுப்பினர்:

எனக்கு நேர்ந்தது இதைப் போலவே தோன்றி, வேறாக முடிந்த ஒன்று. என் மானிட்டரில் படம் இரண்டு விநாடி வந்து இருண்டுவிடும். பச்சை விளக்கு மட்டும் நிலையாக எரியும். கெப்பாசிட்டர்தான் காரணம் என்று முடிவுசெய்து எல்லாவற்றையும் மாற்றினேன், பயனில்லை. பிறகு அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைத் திரைமீது சாய்வாக அடித்துப் பார்த்தபோது, எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. படம் இருக்கிறது, பின்னொளிதான் இல்லை என்று அப்போது புரிந்தது. பழுதான குழல் ஒன்றின் முனை கறுத்திருந்தது. ஒரு குழல் சரியாக எரியாவிட்டாலும், குழல்களுக்கு உயர் மின்னழுத்தம் தரும் இன்வெர்ட்டர் என்ற சுற்று எல்லாக் குழல்களையும் அணைத்துவிடும். அதே அளவுள்ள பழைய மானிட்டரிலிருந்து குழலை எடுத்துப் பொருத்தினேன். ஓடும்போது இன்வெர்ட்டர் பக்கம் விரல் போகவே கூடாது; குழலை ஏற்ற அது ஆயிரம் வோல்ட்டுக்கும் மேல் தருகிறது. இப்போது காலையில் முதல் சில நிமிடம் திரை மங்கலாக இருக்கிறது. இதுவும் பழுதுதானா?

கோத்தகிரி உறுப்பினர்:

பழுது அன்று. அந்தக் குழல்களில் இருப்பது பாதரச ஆவி. குளிரில் அதன் அழுத்தம் குறைவதால், குழல் தானாகச் சூடேறும்வரை ஒளி மங்கலாகவே இருக்கும். என் மானிட்டரிலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் அப்படித்தான் இருக்கிறது. நேரம் செல்லச் செல்லவும் ஒளி ஏறாமல், திரை செந்நிறம் கலந்தே நின்றால் மட்டும் மீதமுள்ள குழலையும் மாற்றிவிடுங்கள்.