கேப்பர் மலை அண்ணனும் பத்து குப்பி மருந்தும்

வரியும் வேண்டாம், அரசாங்கமும் வேண்டாம் என்று வாழ்கிறவரைப் பார்த்ததுண்டா என்று கேட்டிருந்தீர்கள். நான் ஒருவரோடு பழகுகிறேன். கடலூரில் இன்வெர்ட்டர், சோலார் மாட்டிக் கொடுப்பது என் தொழில். கேப்பர் மலைப் பக்கம் செம்மண்ணில் நாலு ஏக்கர் முந்திரி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் என் வாடிக்கையாளர்.

2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபோது அவர் மரங்கள் வேரோடு சாய்ந்தன. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. "அன்னைக்கு ஒருத்தனும் எட்டிப் பார்க்கலை தம்பி. அதோட எனக்கும் அரசாங்கத்துக்கும் கணக்கு தீர்ந்துபோச்சு" என்பார். மொட்டைமாடியில் சோலார், கொல்லையில் இரண்டு மாடு. ரேஷன் கார்டு பக்கமே போக மாட்டார்.

அவரிடம் வம்பு இழுப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். "அண்ணே, போர் மோட்டார் எந்தக் கரண்ட்ல ஓடுது?" என்று ஒருநாள் கேட்டேன். விவசாய சர்வீஸ், இலவசம். "அது விவசாயியோட உரிமைடா" என்றார். விவசாய வருமானத்துக்கு வருமான வரியே கிடையாது. அப்படியிருக்க, வரி கட்டாததில் என்ன வீரம்? டீயில் தோய்த்துத் தின்ற பிஸ்கட்டுக்கு மட்டும் ஜி.எஸ்.டி சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

போன ஆடியில் அவரைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. நான் அங்கேதான் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். 108க்குப் போன் போட்டேன். அரசு மருத்துவமனையில் ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்தார்கள். உறைந்தால் இப்போதைக்குப் பயமில்லை, உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது என்றார் நர்ஸ் அக்கா. இரண்டு பேரும் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன் இருபது நிமிடம் வாய் திறக்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.

உறையவில்லை. பத்து குப்பி விஷமுறிவு மருந்தைக் குளுக்கோஸில் கலந்து ஏற்றினார்கள். காசு கேட்கவில்லை. இந்த மருந்து செய்ய வேண்டிய விஷத்தை மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது, 1978இல் தொடங்கிய சங்கம். பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் கறந்துகொண்டு மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள்.

ஆள் மாறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். வீட்டுக்கு வந்த வாரமே போன். "தம்பி, புது பேட்டரி ஒண்ணு வேணும். பில்லெல்லாம் வேண்டாம், ஜி.எஸ்.டி இல்லாம முடிச்சுக் குடு."

நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்தார். நான் அப்போது முள்ளோடை பங்க்கில் வண்டியை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்றிருந்தேன். புதுச்சேரி எல்லையில் வரி குறைச்சல், லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம்.