கோட்டாறு சவேரியார்: கோயிலும் சொரூபமும், நம் அனுபவங்கள்

நாகர்கோவிலிலிருந்து:

டிசம்பர் 3 என்றால் குமரி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அதற்குக் காரணமான, எங்கள் நாகர்கோவில் கோட்டாறு கோயிலின் புனிதர் பிரான்சிஸ் சவேரியாரைப் பற்றி இங்கே ஆளாளுக்கு ஒரு அனுபவம் இருக்கும். என்னுடையதை முதலில் எழுதுகிறேன்.

தேருக்கு உப்பும் நல்லமிளகும் போடுவது எங்கள் வீட்டில் பாட்டி காலத்து நேர்ச்சை. திருவிழாத் தேரில் அவருடைய சொரூபம் (சிலை) வரும்போது, பின்னால் கும்பிடு நமஸ்காரம் எடுத்து வருகிறவர்களுக்கு அந்த நெரிசலிலும் சனங்கள் ஒதுங்கி இடம் விடுவார்கள். ஒரு வருடம் நெற்றியில் திருநீறோடு ஒரு அம்மா என் பக்கத்தில் நின்று கண்கலங்கக் கும்பிட்டார். "எங்க அம்மை காலத்துல இருந்தே வாறோம் மக்களே, பிள்ளைக்குச் சுகமானா வாறேன்னு நேர்ந்திருந்தேன்" என்றார். நான் எதுவும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

படகர் (வடக்கிலிருந்து வந்த வடுகர்) படை வந்தபோது சவேரியார் சிலுவையோடு எதிரே நின்று திருப்பி அனுப்பினார், வேணாட்டு மன்னர் மகிழ்ந்து கோயிலுக்கு இடம் கொடுத்தார் என்று இங்கே வழிவழியாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிட அவருடைய கடிதம்தான் பெரிது. 1544 கடைசியில் இந்தக் கடற்கரை ஊர்களில் நடந்தே போய், ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதினார். தமிழ் அவருக்கு வராது. அதனால் இரண்டு மொழியும் தெரிந்தவர்களை வைத்து செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்து, எழுதிய பிரதியையும் விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். நம் மொழிக்காக அவ்வளவு பாடுபட்ட மனிதர் என்ற நினைப்போடுதான் நான் அந்தச் சொரூபத்தைப் பார்க்கிறேன்.

தக்கலையிலிருந்து:

சொரூபத்தைக் கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். தேவசகாயம் பிள்ளையை அடக்கம் செய்ததும் அதே கோயிலில்தான். நட்டாலத்தில் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்த அவர், பத்மநாபபுரம் அரண்மனையில் அதிகாரியாக இருந்தவர். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைத் தலைவர் டிலனாயோடு பழகிக் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு வந்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அப்புறம் சிறை, சித்திரவதை எல்லாம் பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டார். உடலை எடுத்துவந்து கோட்டாற்றில் பீடத்துக்கு முன்னால் அடக்கினார்கள்.

2022 மே 15 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த மறுநாளே கோட்டாற்றுக்குப் போனேன். கல்லறைப் பக்கம் ஒரு வயசானவர் முழங்காலில் நின்று சத்தமாகவே செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் முழங்காலிட்டுப் பாதிச் செபமாலையிலிருந்து சேர்ந்துகொண்டேன். கடைசியில் என் தலையில் கைவைத்து, "நம்ம ஆளு மக்கா" என்றார். ஆமாம், இந்தியப் பொதுநிலையினரில் (குருவோ துறவியோ அல்லாதவர்களில்) முதல் புனிதர், நம் மண்ணின் பிள்ளை.

குளச்சலிலிருந்து:

கோவாவில் சவேரியாரின் உடல் இருக்கும் வெள்ளிப் பேழையைப் பார்த்திருக்கிறேன். உயரத்தில் இருக்கிறது, கீழே நின்று அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். ஆனால் கோட்டாற்றில் அவர் தேரிலேறி நம் தெருவுக்கே வருகிறார். கடலுக்குப் போகிற எங்கள் வீட்டு ஆண்கள் அந்தத் திருவிழா வாரம் எப்படியாவது கரையில் இருக்கப் பார்ப்பார்கள். இந்த வருடம் கடைசி மூன்று நாள் தேருக்கும் குடும்பத்தோடு வருகிறோம்.