ஹெலிகாப்டரைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தலைஞாயிறுக்காரன்:
நானே ஆரம்பிக்கிறேன். 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் கரையேறியது. நாலு நாள் கழித்தும் எங்களுக்குக் கரண்ட் இல்லை, டவர் இல்லை. ரோட்டில் விழுந்து கிடந்த புளியமரத்தை நாங்களே அறுத்துக்கொண்டிருந்தோம். மேற்கே ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் போட்டதைப் போட்டபடி பள்ளிக்கூட மைதானத்துக்கு ஓடி, ஆளுக்கொரு துண்டை ஆட்டினோம். மழை பிடித்துக்கொண்டது, சத்தம் தேய்ந்து போய்விட்டது. அன்றைக்கு முதல்வரும் ஹெலிகாப்டரில் புதுக்கோட்டை, பட்டுக்கோட்டைப் பக்கம் பார்த்துவிட்டு, மழையால் திருவாரூர், நாகை வராமல் திரும்பினார் என்று அப்புறம் கேள்விப்பட்டோம். நாங்கள் கேட்டது அந்தச் சத்தமா, வேறா, தெரியாது. ஆனால் அந்த ஆத்திரம் இன்னும் இருக்கிறது. எங்களுக்கெல்லாம் மழையில் நிற்க முடிகிறதே!

வல்லம் மெக்கானிக்:
தம்பி, கோபம் நியாயம்தான். விமானப்படையில் ஹெலிகாப்டர் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். திரும்பிப் போன பைலட் மேல் எனக்கு மரியாதைதான் வரும். மேகத்துக்குள் நுழைந்துவிட்டால் மேல் எது, கீழ் எது என்று உடம்பே பொய் சொல்லும். வண்டி சாய்ந்துகொண்டிருக்கும், உட்கார்ந்திருப்பவருக்கு நேராகப் போவது போலவே இருக்கும். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் பக்கம் முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் வந்த எம்ஐ-17 ஹெலிகாப்டர் விழுந்து 14 பேர் போனார்களே, திடீரென்று மாறிய வானிலையில் மேகத்துக்குள் போனதுதான் காரணம் என்று விமானப்படை விசாரணை சொன்னது.

நம்மூரில் மலை இல்லையே என்பீர்கள். கம்பி இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் கரண்ட் கம்பி வயலோடு வயலாகக் கலந்துவிடும். கம்பத்தைப் பார்த்துத்தான் கம்பியைக் கணிப்பார்கள். கஜாவில் கம்பங்களே படுத்துவிட்டன. அந்த மழையில் எதை நம்பித் தாழ இறங்குவது?

கும்பகோணம் பக்கம்:
நான் பார்த்தது வேற கூத்து. எங்கள் ஊர்க் கும்பாபிஷேகத்துக்கு ஹெலிகாப்டரில் பூத் தூவ ஏற்பாடு செய்திருந்தார்கள். முதல் சுற்று நல்ல அழகு. கூட்டம் கைதட்டியதும் இரண்டாவது சுற்று தாழ வந்தது. யாகசாலைக் கீற்று ஒவ்வொன்றாகக் கிளம்ப ஆரம்பித்தது. விபூதித் தட்டு பறந்தது, குருக்கள் கண்ணெல்லாம் சாம்பல். பக்கத்துக் களத்தில் காயப்போட்டிருந்த நெல்லின் மேல் மூடியிருந்த தார்ப்பாய் போய் வேப்பமரத்தில் தொங்கியது. பூ? அது ஆற்றங்கரை மூங்கில் தோப்பில் போய் விழுந்தது. கோபுரத்தில் ஒரு இதழ்கூட இல்லை.

வல்லம் மெக்கானிக்:
வேறெப்படி இருக்கும்! காற்றைக் கீழே தள்ளித்தான் அது மேலே நிற்கிறது. எம்ஐ-17 முழுச் சுமையோடு 13 டன். அதன் மேல் விசிறி அகலம் 21 மீட்டருக்கு மேல். அதன் அடியில் கீற்று என்ன, தகரமே நிற்காது. ஒன்று சொல்லிவிடுகிறேன், என்ஜின் நின்றால் கல் மாதிரி விழும் என்பது தப்பு. இறங்கும்போது அடியிலிருந்து ஏறும் காற்றே விசிறியைச் சுற்றிக்கொடுக்கும். உயரமும் இடமும் இருந்தால் பத்திரமாக இறக்கலாம்.

நாகை கடற்கரை:
சுனாமி சமயத்தில் நான் சின்னப் பையன். மேலிருந்து சாப்பாட்டுப் பொட்டலம் போட்டார்கள். ஓடினவனுக்குக் கிடைத்தது. பாதி மணலில் உடைந்தது. எங்கள் ஆயா உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவே இல்லை. நான் கொண்டுவந்து கொடுத்ததையும் மணலோடுதான் தின்றது. இன்றைக்கும் கடலில் கோஸ்ட் கார்டு ஹெலிகாப்டர் தலைக்கு மேல் வந்தால் கை தானாக எழும்.

தலைஞாயிறுக்காரன்:
சரி ஐயா. அடுத்த புயலுக்கு ஒன்று இறங்குவதாகவே வைத்துக்கொள்வோம். நாங்கள் என்ன செய்யணும்?

வல்லம் மெக்கானிக்:
மைதானத்தில் தண்ணீர் அடித்துத் தூசியை அடக்குங்கள். நடுவில் சுண்ணாம்பால் பெரிய ஹெச் போடுங்கள். தள்ளி ஒரு ஓரமாகப் புகை போட்டால் காற்று எந்தப் பக்கம் என்று பைலட்டுக்குத் தெரியும். துண்டை ஆட்டியது சரிதான். ஆனால் இறங்கின பிறகு அதே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவராதீர்கள். வால் பக்கம் போகவே கூடாது, அந்தச் சின்ன விசிறி சுற்றும் வேகத்தில் கண்ணுக்கே தெரியாது. முன்பக்கமாக, அவர் கை காட்டின பிறகு, குனிந்து போங்கள். மைதானத்தைச் சுற்றிக் கீற்று, சாக்கு, ப்ளெக்ஸ் எதுவும் இருக்கக் கூடாது.

தலைஞாயிறுக்காரன்:
மற்றதெல்லாம் செய்துவிடலாம் ஐயா. அந்த ப்ளெக்ஸை அவிழ்க்கத்தான் எங்கள் ஊரில் யாருக்கும் தைரியம் வராது.