சிப்பிப்பாறை நாயோடு வீட்டுப் பக்கத்திலேயே எங்கே போவது, என்ன செய்வது?

கேட்டவர்: பழங்காநத்தம் மாடிவீடு

வணக்கம். ஒன்றரை வயது ஆண் சிப்பிப்பாறை வைத்திருக்கிறேன், பெயர் மயிலை. காலையிலும் சாயங்காலமும் அரை மணி நேரம் தெருவில் வேகமாக நடக்கவைக்கிறேன். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கடிக்கிறான், துளசித் தொட்டியைத் தோண்டுகிறான். ராத்திரி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்கிறான். கொடைக்கானல் கூட்டிப்போக லீவும் இல்லை, காரும் இல்லை. நடந்து போகும் தூரத்தில் அவனுக்குப் பிடித்த மாதிரி ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: சேது

வேட்டை நாய் ப்ரோ, ஓடினால்தான் அடங்கும். பைக்கில் கட்டி தினம் நாலு கிலோமீட்டர் ஓட விடுங்கள்.

பதில்: மாடக்குளத்து அக்கா

தம்பி, பைக்கில் கட்ட வேண்டாம். தார் ரோடு உள்ளங்காலைத் தேய்த்துவிடும். களைத்துப்போனால் நிற்கக்கூட அவனுக்கு வழியில்லை. உங்கள் நாய்க்கு ஓட்டம் மட்டும் குறையவில்லை, மோப்பம் பிடிக்க நேரமே கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன். வேகமாக நடக்கவைத்தால் மூக்குக்கு என்ன வேலை இருக்கிறது?

உங்களுக்கு மாடக்குளம் கண்மாய் பக்கம்தான். விடிகிற நேரத்தில் கரைக்குப் போங்கள். பதினைந்து அடி பருத்திக் கயிறு போதும், மாட்டுக்குக் கயிறு விற்கிற கடையிலேயே கிடைக்கும். ஆனால் கழுத்துப் பட்டையில் கட்டாதீர்கள். சிப்பிப்பாறைக்குத் தலை சிறுசு, பின்னால் இழுத்தால் பட்டை நழுவிவிடும். நெஞ்சைச் சுற்றிப் போடுகிற ஹார்னஸ் வாங்குங்கள். அப்புறம் அவன் போகிற வழியில் நீங்கள் போங்கள்.

என் நாய் செவலை, மடைக்குப் பக்கத்தில் ஆடு படுத்திருந்த இடத்தில் நாலைந்து நிமிஷம் அசையாமல் நிற்பாள். குனிந்து பார்த்திருக்கிறேன். மூச்சு விடும்போது மூக்கின் ஓரக் கீறல் வழியாகக் காற்று போய், இரண்டு பக்கமும் புழுதி லேசாகப் பறக்கும். அவசரப்படுத்தாமல் இருந்தால், இருபது நிமிஷத்தில் தானே வந்து என் காலடியில் உட்கார்ந்துவிடுவாள். வீட்டுக்கு வந்தால் நேராகத் தூக்கம்தான்.

வாரத்தில் இரண்டு நாள் அவித்த ஈரலைச் சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கிப் புல்லில் தூவித் தேட விடுவேன். ஒரு நாள் வேறு தெரு வழியாகத் திரும்புவோம். இவ்வளவுதான் எங்கள் ஊர்சுற்றல்.

வெயில் விஷயத்தில் மட்டும் கவனம். முந்தி வளர்த்த நாயைப் பங்குனியில் காலை ஒன்பது மணிக்குக் கூட்டிப்போய்விட்டேன். பாதி வழியில் படுத்துவிட்டான், நாக்கு சிவந்து தொங்கியது, எழுப்ப முடியவில்லை. ஒரு பம்புசெட் தண்ணீரில் வயிறும் காலும் நனைத்துத்தான் காப்பாற்றினேன். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். இப்போதும் பங்குனி வந்தால் அவன் முகம்தான் ஞாபகம் வரும். புறங்கையைத் தரையில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அவனாலும் முடியாது.

கயிற்றை எக்காரணம் கொண்டும் அவிழ்க்காதீர்கள். இந்த இனம் கண்ணால் வேட்டையாடுவது. கரையில் நாமக்கோழியோ மயிலோ அசைந்தால் உங்கள் குரல் காதில் ஏறாது. மயில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், முட்டையிட்டு அடைகாக்கிற பறவையை விரட்டுவது பாவம்.

வீட்டுக்கு வந்ததும் விரலிடுக்கைப் பிரித்துப் பாருங்கள். நெருஞ்சி முள்ளும் உண்ணியும் அங்கேதான் இருக்கும், காது மடலுக்குள்ளும் பாருங்கள். தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாமல் கையில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வெறிநாய்க்கடி ஊசியோடு எலிக்காய்ச்சல் ஊசியும் போட்டாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பழங்காநத்தம் மாடிவீடு:

ரொம்ப நன்றி அக்கா. வழியில் டீக்கடை முக்கில் நாலு தெருநாய்கள் உண்டு. பாய்ந்து வந்தால் என்ன செய்வது?

மாடக்குளத்து அக்கா:

அது அவர்கள் இடம், தம்பி. எதிர்ப்பக்கம் நடங்கள், கயிற்றைச் சுருக்கிப் பிடியுங்கள், ஓடாதீர்கள். முடிந்தால் அந்த முக்கையே தவிர்த்துவிடுங்கள்.

பழங்காநத்தம் மாடிவீடு (பத்து நாள் கழித்து):

அக்கா, ரேஷன் கடைச் சந்து வழியாகச் சுற்றிப் போகிறோம். நேற்று கரையில் ஒரு பனங்கொட்டையைக் கண்டுபிடித்தான். வீடு வரை வாயிலேயே தூக்கிக்கொண்டு வந்து பாயில் வைத்துவிட்டு, அதன் மேல் தலை சாய்த்துத் தூங்கினான். தொட்டியில் துளசி மறுபடி துளிர்த்திருக்கிறது. ஈரலுக்குப் பதில் அவித்த முட்டை கொடுக்கலாமா?