காட்டாமணக்கில் பறந்த விமானம்: முழுசா, எட்டில் ஒரு பங்கா?

கரிசல்மண்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "2018-லேயே காட்டாமணக்கு எண்ணெயில் விமானம் ஓட்டிக் காட்டிய நாடு இந்தியா. ஐரோப்பா இப்போதுதான் விழித்திருக்கிறது." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. நடந்தது என்ன? 2018 ஆகஸ்ட் 27, டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஸ்பைஸ்ஜெட்டின் க்யூ400 விமானம். இரண்டு எஞ்சினில் ஒன்றுக்கு மட்டும் கலப்பு எரிபொருள். அந்தக் கலப்பிலும் கால் பங்குதான் காட்டாமணக்கு, முக்கால் பங்கு ஏடிஎஃப் எனும் வழக்கமான விமான எரிபொருள். கூட்டிக் கழித்தால் மொத்த எரிபொருளில் எட்டில் ஒரு பங்கு. இதற்கா இவ்வளவு பெருமை?

ஹேங்கர்35:
எழுதியது நான்தான். பெயர் சொல்லியே கேட்டிருக்கலாம். 35 வருடம் விமானப் பராமரிப்பில் இருந்தவன் சொல்கிறேன், ஒரு எஞ்சினில் மட்டும் ஊற்றுவதுதான் முறை. புது எரிபொருளில் கோளாறு வந்தால் மற்ற எஞ்சினை வைத்துத் தரையிறங்கிவிடலாம். 2008 பிப்ரவரியில் விர்ஜின் அட்லாண்டிக் லண்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு போயிங் 747-ஐ ஓட்டியபோதும் நான்கில் ஒரு எஞ்சினில்தான், அதிலும் தாவர எரிபொருள் 20 விழுக்காடுதான். அதில் பயணிகளே கிடையாது. அதே ஆண்டு டிசம்பரில் ஏர் நியூசிலாந்து காட்டாமணக்கை வைத்துச் சோதித்தபோதும் ஒரே எஞ்சின்தான். அவர்களைப் பார்த்து யாராவது எட்டில் ஒன்று, பத்தில் ஒன்று என்று கணக்குப் போட்டார்களா?

கரிசல்மண்:
ஆக, 2008-லேயே நியூசிலாந்துக்காரன் காட்டாமணக்கை ஊற்றிப் பறந்துவிட்டான். நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்புறம் நாம் எதில் முன்னோடி? எட்டில் ஒரு பங்கிலா?

வேதிக்குடுவை:
இரண்டு பேருமே "காட்டாமணக்கு எண்ணெய்" என்று எழுதுகிறீர்கள், அதுவே தவறு. எண்ணெயை அப்படியே விமானத்தில் ஊற்ற முடியாது. ஹைட்ரஜன் ஏற்றி ஆக்சிஜனை வெளியேற்றி, மூலக்கூறுகளை உடைத்து, மண்ணெண்ணெய் வகைக்குக் கொண்டுவர வேண்டும். ஜெட் ஏ-1 எனும் வழக்கமான விமான எரிபொருள் மைனஸ் 47 டிகிரி வரை உறையக் கூடாது. டேராடூனில் உள்ள இந்தியப் பெட்ரோலிய நிறுவனம் செய்தது இந்த வேலையைத்தான். முதலில் எதை எண்ணெய் என்கிறோம், எதை எரிபொருள் என்கிறோம் என்று முடிவு செய்துகொண்டு பேசலாமே.

கரிசல்மண்:
பெயர் எதுவாகவும் இருக்கட்டும் சார். எட்டில் ஒரு பங்கு என்பது மாறாது.

ஓடுபாதை:
க்யூ400 ஜெட் விமானமே இல்லை, காற்றாடி வைத்த டர்போபிராப். இதற்குப் போய் ஜெட் எரிபொருள் கணக்குச் சொல்கிறீர்கள்.

ஹேங்கர்35:
தம்பி, காற்றாடியைச் சுழற்றுவதும் ஜெட்டில் இருக்கும் அதே வகை வாயுச் சுழலிதான் (கேஸ் டர்பைன்). அதற்கும் இதே ஏடிஎஃப்தான். தெரியாவிட்டால் கேளுங்கள், சொல்லித் தருகிறேன். கரிசல்மண்ணுக்கு ஒன்று சொல்கிறேன். 2020 ஜனவரியில் நம் விமானப்படையின் ஏஎன்-32 சரக்கு விமானம் லடாக்கில் உள்ள லே விமானதளத்தில் இறங்கியது. கடல் மட்டத்திலிருந்து பத்தாயிரம் அடிக்கு மேல், அந்தக் குளிரில். இரண்டு எஞ்சினிலும் உயிர் எரிபொருள் கலப்பு. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

கரிசல்மண்:
அதில் கலப்பு 10 விழுக்காடு. அதை ஏன் எழுதாமல் விட்டீர்கள்? எட்டில் ஒன்று இப்போது பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. அது ராணுவ விமானம் வேறு. நாம் டிக்கெட் வாங்கி ஏறும் விமானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். 2023 மே மாதம் புனேயிலிருந்து டெல்லிக்கு ஏர் ஏசியா இந்தியா பறந்ததே, அதில் எவ்வளவு? ஒரு விழுக்காடு வரைதான்.

வேதிக்குடுவை:
நூறு விழுக்காடு ஊற்றினால்தான் ஒப்புக்கொள்வீர்கள் என்றால் எந்த நாடும் தேறாது. தாவர எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றிச் செய்யும் இந்த வகையை, விதிப்படி அதிகபட்சம் 50 விழுக்காடுதான் கலக்கலாம். இப்படி வரும் எரிபொருளில், வழக்கமான எரிபொருளில் இருக்கும் அரோமாட்டிக் என்ற வகைச் சேர்மங்கள் அநேகமாக இருக்காது. அவைதான் எரிபொருள் குழாய் இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையத்தை உப்ப வைத்து இறுக்கமாக வைத்திருப்பவை. 2023 நவம்பர் 28 அன்று விர்ஜின் அட்லாண்டிக் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு போயிங் 787-ஐ முழுக்க மாற்று எரிபொருளில் ஓட்டியபோது, 12 விழுக்காடு அரோமாட்டிக்கைத் தனியாகத் தயாரித்துச் சேர்க்க வேண்டியிருந்தது. அதற்கும் சிறப்பு அனுமதி வாங்கித்தான் பறந்தார்கள்.

ஹேங்கர்35:
அந்த வளையத்தை என் விரலில் மாட்டிப் பார்த்திருக்கிறேன். சுருங்கிவிட்டால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. காலையில் வந்து பார்த்தால் இறக்கைக்குக் கீழே தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் இருக்கும். கலப்பு விழுக்காட்டைக் குறைவாக வைப்பது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து வகுத்தல் கணக்குப் போடுகிறவர்களுக்கு இது புரியாது.

கரிசல்மண்:
நாற்காலியிலா? எங்கள் அப்பா மூன்று ஏக்கரில் காட்டாமணக்கு போட்டவர். 2000-களில் ஊர் ஊராக வந்து, தரிசிலும் விளையும், தண்ணீரே வேண்டாம், ஆடு மேயாது, விதையை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஆடு மேயாது என்பது மட்டும்தான் உண்மை. தண்ணீர் விடாமல் காய் பிடிக்கவில்லை. பிடித்ததும் ஒன்றுபோலப் பழுக்கவில்லை. ஒரே குலையில் ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள், ஒன்று கறுத்து வெடித்திருக்கும். வாரம் இரண்டு முறை ஆள் விட்டுப் பறித்தால் கூலிக்குக்கூடக் கட்டவில்லை. ஏழு மூட்டை திண்ணையில் கிடந்தது. வாங்குகிறேன் என்றவர்கள் திரும்பி வரவே இல்லை. 2009-ல் போட்ட தேசிய உயிர் எரிபொருள் கொள்கை 2017-க்குள் பெட்ரோல், டீசலில் 20 விழுக்காடு கலப்பு என்றது. அதை நம்பிய எங்களுக்கு 2018-ல் காட்டியது எட்டில் ஒரு பங்கு. அந்த விதையும் சத்தீஸ்கரிலிருந்து வந்தது.

ஹேங்கர்35:
உங்கள் அப்பாவுக்கு நடந்தது அநியாயம்தான். அதற்காக டேராடூனில் வருடக்கணக்கில் உழைத்தவர்களை மட்டம் தட்டுவது எந்த நியாயம்?

கரிசல்மண்:
யாரையும் மட்டம் தட்டவில்லை. எட்டில் ஒரு பங்கு என்று உள்ளதைச் சொன்னேன்.

பஜ்ஜிக்கடை:
காட்டாமணக்கை விடுங்கள் அண்ணே, அந்தக் காலம் போய்விட்டது. 2011-ல் நெதர்லாந்தின் கேஎல்எம் விமானம் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பாரிசுக்குப் பயணிகளை ஏற்றிப் பறந்ததே பழைய சமையல் எண்ணெயை வைத்துத்தான். இந்தியன் ஆயிலின் பானிபட் ஆலையும் அதில்தான் இறங்கியிருக்கிறது. திரும்பத் திரும்பப் பொரிக்கும்போது எண்ணெய் கெட்டு உண்டாகும் போலார் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்பது 2018-லிருந்தே சட்டம். என் கடையிலிருந்து வாரம் ஒரு டின் எடுத்துப் போகிறார்கள்.

ஓடுபாதை:
எத்தனை கடையில் அப்படிக் கொடுக்கிறார்கள்? பாதி எண்ணெய் சின்னக் கடைகளுக்குத்தானே மறுபடி போகிறது. நம் வயிற்றுக்குள் போன பிறகு விமானத்துக்கு எங்கே மிஞ்சும்?

பஜ்ஜிக்கடை:
வாய்க்கு வந்தபடி பேசாதீர்கள். என் கடைக்கு வந்து வாணலியைப் பாருங்கள்.

ஓடுபாதை:
உங்கள் கடையைச் சொன்னேனா? ஏன் கோபம் வருகிறது?

வேதிக்குடுவை:
விஷயத்துக்கு வாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் விமான எரிபொருளில் 2025-லிருந்து 2 விழுக்காடு மாற்று எரிபொருள் கட்டாயம், 2030-ல் 6 விழுக்காடு. நாம் சர்வதேச விமானங்களுக்கு 2027-ல் 1, 2030-ல் 5 என்று இலக்கு வைத்திருக்கிறோம். மாற்று எரிபொருளின் விலையோ சாதாரண எரிபொருளைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இதைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

ஹேங்கர்35:
பேசலாம். அதற்கு முன்னால் கரிசல்மண் அந்த வகுத்தலைத் திரும்பப் பெறட்டும். சோதனைப் பறப்பை அப்படி அளப்பது தப்பு.

கரிசல்மண்:
ஒரு எஞ்சின், அதில் கால் பங்கு. எங்கே தப்பு என்று நீங்களே வகுத்துக் காட்டுங்கள். அதுவரை "காட்டாமணக்கில் விமானம் ஓட்டினோம்" என்ற பதிவை எடுங்கள்.

ஹேங்கர்35:
எடுக்க மாட்டேன்.

பஜ்ஜிக்கடை:
ஓடுபாதை, கடைக்கு வருகிறீர்களா இல்லையா?