மறு: ‘பின்னணியில் இயக்கு’ – வேறு சொல் வேண்டும்

வணக்கமுங்க.

> ‘பின்னணியில் இயக்கு’ பழகிவிட்டது. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

‘Run in background’ என்பதற்குப் பழகிய மொழிபெயர்ப்புதான், ஆனால் அஞ்சல் நிரலில் (மின்னஞ்சல் மென்பொருளில்) இடிக்கிறது. மடல் எழுதும் சாளரத்திலேயே ‘பின்னணி நிறம்’ இருக்கிறது. அமைப்புகளிலும் ‘பின்னணி’ என்று கண்டால், படமோ நிறமோ மாற்றும் இடம் என்றுதான் எவரும் நினைப்பார்.

இதைவிடப் பெரிய சிக்கல், வெவ்வேறு நிலைகள் அந்த ஒரு சொல்லுக்குள் அடைபடுவது. வெறுமனே சிறிதாக்கினால் நிரல் பணிப்பட்டையில் நிற்கும். விண்டோஸில் தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் நிரலில் ‘சிறிதாக்கும்போது தட்டுக்கு நகர்த்து’ என்பதைத் தேர்ந்தால், கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்னமாக ஒதுங்கும். லினக்ஸின் ஜியரி என்ற அஞ்சல் நிரலில் சாளரத்தை மூடிய பிறகும் புது அஞ்சலைக் கவனிக்கச் சொல்லலாம். அப்போது கண்ணுக்கு எதுவுமே தெரியாது. மேக்கில் சிவப்பு வட்டத்தைச் சொடுக்கினால் சாளரம் மட்டும்தான் போகும், நிரலை நிறுத்தக் கமாண்ட்-கியூ வேண்டும்.

திருப்பூரில் ஒரு மெர்ச்சண்டைசரை (ஏற்றுமதி ஆடை ஆர்டர்களைக் கவனிப்பவரை) எடுத்துக்கொள்ளுங்கள். ஆடை வாங்கும் நியூயார்க் பையர் காலை 9 மணிக்கு அலுவலகம் வரும்போது இங்கே மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. சாளரத்தை மூடிவிட்டு இவர் கிளம்பும் நேரம் அது. மூடிய பிறகும் அஞ்சல் இறங்குமா, வடிகட்டிகள் (அஞ்சலைத் தானாகப் பிரித்துவைக்கும் விதிகள்) வேலை செய்யுமா, நேரம் குறித்து வைத்த மடல் போகுமா என்பதை அந்தச் சொல் காட்டிக்கொடுக்க வேண்டும்.

என் பரிந்துரை: உள்ளோட்டம். குடோன் கதவைச் சாத்தினாலும் உள்ளே தறி ஓடுவது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ‘மறைவோட்டம்’ வேண்டாம், வைரஸ் என்று பயப்படுவார்கள்.

– கோவையிலிருந்து

~

மறு: மறு: ‘பின்னணியில் இயக்கு’ – வேறு சொல் வேண்டும்

அண்ணா, உள்ளோட்டம் பெயர்ச்சொல்லாக நன்றாக நிற்கிறது, எனக்குச் சம்மதம். ஆனால் தெரிவுப்பெட்டிக்குப் பக்கத்தில் அதை மட்டும் போட்டால் போதாதுங்க. அங்கே வினை வேண்டும்: ‘சாளரத்தை மூடினாலும் அஞ்சலைப் பார்’. உதவிப் பக்கத்தில் ‘உள்ளோட்டம்’ வரட்டும்.

உதவிக் குறிப்பில் எல்லையையும் எழுதியாக வேண்டும். மடிக்கணினியை மூடி அது உறக்கத்துக்குப் போய்விட்டால் உள்ளோட்டமும் நின்றுவிடும். அப்போதும் வடிகட்ட வேண்டும் என்றால் வடிகட்டியை அஞ்சல் வழங்கியில்தான் (சர்வரில்தான்) வைக்க வேண்டும்.

இன்னொன்று, நம் பக்கத்து அலுவலகங்களில் அடிக்கடி நடப்பது. கணினி யூபிஎஸ்ஸில் இருக்கும், ரவுட்டர் இருக்காது. கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் புதிதாகத் தொடங்கும். புது அஞ்சல் வந்ததும் வழங்கி உடனே சொல்வதற்காகத் திறந்தே வைக்கும் ‘ஐமேப் ஐடில்’ இணைப்பு செத்திருக்கும், ஆனால் நிரலுக்கு அது தெரியாது. ஐடில் கட்டளையை 29 நிமிடத்துக்குள் புதுப்பிக்க வேண்டும் என்பது 1997-இன் ஆர்எஃப்சி 2177 என்ற இணைய நெறிமுறை ஆவணம் தரும் அறிவுரை. 30 நிமிடம் சும்மா இருந்தால் வழங்கி துண்டிக்கலாம். ஆக, புதுப்பிக்கும் வரை அரைமணி நேரம்கூட அஞ்சல் வராமல் கிடக்கலாம். சின்னம் மட்டும் தட்டில் அப்படியே இருக்கும். எனவே ஐடில் இருந்தாலும் ‘10 நிமிடத்துக்கு ஒருமுறை பார்’ என்பதை அணைக்கக் கூடாது. ரவுட்டரையும் யூபிஎஸ்ஸில் சொருகிவிட வேண்டும்.

‘மூடு’, ‘நிறுத்து’ இரண்டையும் கலக்கவே கூடாது. நிரலை நிறுத்துவதற்கு ‘வெளியேறு’ என்று போடுவதுண்டு. கணக்கிலிருந்து வெளியேறுவதற்கும் அதே சொல். சாளரம் போய், நிரல் மட்டும் உள்ளே திணறி நின்றால், மறுபடி திறக்கும்போது ‘தண்டர்பேர்ட் ஏற்கெனவே ஓடுகிறது, பதிலளிக்கவில்லை’ என்று வரும். டாஸ்க் மேனேஜரில் அதன் வரியைத் தேர்ந்து முடித்தால்தான் திறக்கும். அந்தச் செய்தியில் ‘வெளியேறவும்’ என்று மொழிபெயர்த்தால் பயனர் எதிலிருந்து வெளியேறுவார்?

சாளரத்துக்கு ‘மூடு’, நிரலுக்கு ‘நிறுத்து’, கணக்குக்கு மட்டும் ‘வெளியேறு’ என்று பிரித்துக்கொள்ளலாம். ‘நிறுத்து’ பதிவிறக்கத்தை நிறுத்தும் பொத்தானோடு மோதுமே என்பவர்கள் ‘நிரலை நிறுத்து’ என்று முழுதாகப் போடலாம். பட்டியலில் இடம் இருக்கிறது.

– ஈரோட்டிலிருந்து